ஆலங்காட்டு நீலி முதல் மாத நாவல் வரை

பேய், மறுபிறவி, மாயம், அழிந்துபோன நகரம் ஆகியவற்றோடு காதலைச் சேர்த்துச் சொல்லும் நாவல்கள் இன்று தமிழில் நிறைய வருகின்றன. இந்தக் கலவை மேற்கிலிருந்து இறங்கியது என்ற எண்ணம் வாசகர்களிடம் பரவலாக இருக்கிறது. ஸ்டெஃபனி மேயரின் 'ட்விலைட்' 2005இலும், சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008இலும் வெளிவந்து உலகெங்கும் விற்றதால் அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கில், ஆந்திர எல்லையை ஒட்டிய பொதட்டூர்பேட்டையைச் சுற்றியுள்ள நிலத்தின் கதை மரபை எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. பேயையும் காதலையும் ஒரே கதையில் வைப்பது இங்கே ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழகிய வழக்கம்.

பொதட்டூர்பேட்டை பள்ளிப்பட்டு வட்டத்தில் உள்ள பேரூராட்சி. செங்குந்தர் மிகுந்த நெசவாளர் ஊர். கைத்தறி ஓடிய வீடுகளில் பின்னாளில் விசைத்தறி புகுந்தது. அருகிலுள்ள பெரிய ஊர் திருத்தணி. அதற்கும் அப்பால், சென்னை–அரக்கோணம் இரயில் பாதையை ஒட்டி, திருவாலங்காடும் பழையனூரும் இருக்கின்றன. தமிழ்நாட்டின் மிகப் பழைய பேய்க் கதைகளில் ஒன்றுக்கு இந்தப் பழையனூரே களம்.

பழையனூர் நீலியின் கதை பல வடிவங்களில் வழங்குகிறது. பரவலாகச் சொல்லப்படுவது இது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒருவன் வட நாட்டுக்குப் போன இடத்தில் ஒரு பெண்ணை மணக்கிறான். ஊரில் ஏற்கெனவே மனைவி இருப்பதால், திரும்பும் வழியில் அவளைக் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் காஞ்சிபுரத்து வணிகனாகப் பிறக்கிறான். அவள் நீலிப் பேயாகிறாள். பேய் அண்டாதிருக்க அவன் கையில் மந்திர வாள் ஒன்று எப்போதும் இருக்கிறது. வாணிகத்துக்காக அவன் பழையனூர் வரும்போது, நீலி கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன், என்னைக் கைவிட்டுப் போகிறான் என்று ஊர் அவையில் முறையிடுகிறாள். வேளாளர் எழுபது பேர் வழக்கைக் கேட்கிறார்கள். குழந்தை தகப்பனை நோக்கிக் கை நீட்டுகிறது. அவன் அஞ்சி மறுக்கிறான். உன் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்து, வாளை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஓர் இரவு ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள்.

இது ஏட்டில் மட்டும் கிடந்த கதை இல்லை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டைப் பாடிய பதிகத்திலேயே இதற்கான குறிப்பு இருக்கிறது. உமாபதி சிவாச்சாரியார் சேக்கிழார் புராணத்தில் வேளாளரின் வாய்மைக்குச் சான்றாக இதைக் காட்டுகிறார். பழையனூரில் சாட்சிபூதேசுவரர் கோயிலும், தீப்பாய்ந்தவர்களின் நினைவிடமும் இன்றும் உள்ளன. இராசேந்திர சோழன் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைப் பதிவு செய்யும் செப்பேடு முப்பத்தொரு இதழ்கள் கொண்டது. சோழர் வரலாற்றுக்கு அடிப்படைச் சான்றுகளில் ஒன்று. கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஊர் அத்தனை உறுதியான நிலத்தில் நிற்கிறது.

கதை சொன்னவர்களின் நோக்கம் எழுபது பேரின் வாய்மையைப் புகழ்வது. ஆனால் காலங்காலமாக மக்கள் மனத்தில் தங்கியவள் நீலிதான். கட்டிய கணவனால் கொல்லப்பட்டவள் அவள். உயிரோடிருந்தபோது எந்த அவையிலும் அவளுக்கு நீதி கேட்க வாய்ப்பில்லை. பேயான பிறகே அவள் சொல்லுக்கு ஊர் செவிசாய்க்கிறது. நீலிக்கண்ணீர் என்று அவள் அழுகையைப் பொய்யாக்கிய வழக்கு அவளுக்குச் செய்த இரண்டாவது அநியாயம் என்றே சொல்ல வேண்டும். தென்கோடியில், பழைய தென்திருவிதாங்கூர்ப் பகுதியில், நீலி கதை வில்லுப்பாட்டாகப் பாடப்பட்டது. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டோடு சேர்ந்து அவள் கள்ளியங்காட்டு நீலி ஆனாள். கேரளத்துக்கு யட்சியாகப் போனாள். 2025இல் வெளியான 'லோகா: சாப்டர் 1 சந்திரா' என்ற மலையாளப் படம் அந்த நீலியையே இன்றைய பெங்களூரில் நடமாடும் நாயகியாக்கி, பக்கத்து வீட்டு இளைஞனின் மையலுக்கு உரியவளாகக் காட்டி, பெரும் வெற்றி கண்டது.

திருவாலங்காட்டுக்கு இன்னொரு பேயும் உண்டு, அவர் தொழப்படுபவர். காரைக்கால் அம்மையார், புனிதவதி என்ற பெயரில் வணிகன் பரமதத்தனுக்கு வாழ்க்கைப்பட்டவர். இறைவன் அருளால் கைக்கு மாங்கனி வருவதைக் கண்ட கணவன், இவள் மானிடப் பெண் இல்லை என்று அஞ்சி, கடல் வாணிகம் போவதாகச் சொல்லிப் பிரிந்து, பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணக்கிறான். தேடி வந்த மனைவியின் காலிலும் விழுகிறான். கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று அம்மையார் பேய் வடிவை வேண்டிப் பெறுகிறார். ஆலங்காட்டில் ஆடும் இறைவனை அவர் பாடிய மூத்த திருப்பதிகங்களில் எரியும் சுடுகாடும், வற்றிய மரங்களும், குட்டிக்குப் பால் தரும் பேயும் வருகின்றன. ஒரே தலத்தைச் சேர்ந்த இரண்டு பெண் பேய்களும் உடைந்த மணவாழ்க்கையிலிருந்து புறப்பட்டவர்கள். ஒருத்தி கணவனால் கொல்லப்பட்டவள். ஒருவர் கணவனால் அஞ்சப்பட்டவர். தமிழில் பேய்க் கதை என்பது பெரும்பாலும் பிழைத்துப்போன காதல் கதை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நீலியைச் சமணரும் எடுத்துக்கொண்டார்கள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான 'நீலகேசி'யில், உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்ற துறவியை விரட்டப் பழையனூர் நீலி வருகிறாள். அச்சுறுத்திப் பார்க்கிறாள், முடியவில்லை. அழகிய அரசகுமாரியின் உருவெடுத்து மயக்கப் பார்க்கிறாள், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அவரிடமே அறம் கேட்டு, ஊர் ஊராகச் சென்று பிற சமயத்தாரை வாதில் வெல்லும் அறிவாளியாகிறாள். பேய்ப் பெண் கல்வியால் உயரும் கதையைத் தமிழ் அப்போதே எழுதிவிட்டது. அ. சக்கரவர்த்தி 1936இல் இந்நூலைப் பதிப்பித்தார்.

இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் மூத்த பெருங்கதை மணிமேகலை. அதைப் பௌத்த அறநூலாக மட்டும் பாடப்புத்தகங்கள் அறிமுகம் செய்வது பெரிய இழப்பு. உவவனத்தில் மணிமேகலையைத் தேடி வரும் சோழ இளவரசன் உதயகுமரன். அவளைத் தூக்கிக்கொண்டு வான்வழியே மணிபல்லவத் தீவில் வைக்கும் கடல் தெய்வம். முற்பிறவியைக் காட்டும் பீடிகை. அதில் தெரியவரும் உண்மை, உதயகுமரன் அவளுடைய சென்ற பிறவிக் கணவன் இராகுலன் என்பது. வேற்றுருக் கொள்ளவும் வானில் செல்லவும் பசியைத் தாங்கவும் அவளுக்கு மந்திரங்கள் கிடைக்கின்றன. அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவில் திரியும்போது, காயசண்டிகையின் கணவனான விஞ்சையன் தன் மனைவியை உதயகுமரன் நாடுவதாக எண்ணி அவனை வாளால் வெட்டுகிறான். முற்பிறவிக் காதலும் இப்பிறவித் துறவும் மோதும் அந்த இடம், எந்த இக்கால மாய நாவலோடும் வைத்துப் பார்க்கத் தக்கது.

அழிவுக் கதையும் அதே நூலில் இருக்கிறது. நாக நாட்டு இளவரசி பீலிவளைக்கும் சோழ மன்னனுக்கும் பிறந்த குழந்தை கடலில் மரக்கலம் கவிழ்ந்து காணாமல் போகிறது. மகனைத் தேடித் தவித்த மன்னன் இந்திர விழாவை மறக்கிறான். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கிறது. ஒரு காதலின் விளைவாக ஒரு தலைநகரம் அழிகிறது, தப்பியவர்கள் சிதறுகிறார்கள், மணிமேகலை வறட்சியால் வாடும் காஞ்சிக்கு வந்து அமுதசுரபியால் பசி தீர்க்கிறாள். அழிவுக்குப் பின் வாழ்க்கை எப்படித் தொடரும் என்ற கேள்விக்கு, காஞ்சியும் இப்பகுதியும் சேர்ந்த தொண்டை நாடு அக்காப்பியத்தில் விடையாக நிற்கிறது. ஆங்கிலத்தில் மேரி ஷெல்லி, கொள்ளைநோயால் மனித இனம் அழியும் 'தி லாஸ்ட் மேன்' நாவலை எழுதியது 1826இல்தான்.

சீவக சிந்தாமணியில் கருவுற்ற அரசி விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பி, சுடுகாட்டில் இறங்கி மகனைப் பெறுகிறாள். எட்டு மணம் முடிக்கும் அந்த மகனின் கதைக்கு மணநூல் என்றே மற்றொரு பெயர். சோழர் காலத்துப் பரணி நூல்கள் இந்தக் கலவையை இன்னும் துணிச்சலாகக் கையாண்டன. கருணாகரத் தொண்டைமானின் கலிங்கப் போரைப் பாடும் செயங்கொண்டாரின் 'கலிங்கத்துப் பரணி', கடவுள் வாழ்த்துக்குப் பின், ஊடிக் கதவடைத்த பெண்களைக் கதவு திறக்கச் சொல்லும் கடை திறப்போடு தொடங்குகிறது. அடுத்து வருவது வெந்து கரிந்த பாலைக் காடு. அதன் நடுவே காளியின் கோயில். பசியால் மெலிந்த பேய்கள். இமயத்தில் இந்திரசாலம் கற்று வந்து வித்தை காட்டும் முதுபேய். போர் முடிந்ததும் களத்தில் பேய்கள் கூழ் அட்டு உண்கின்றன. காதல், பாழ்நிலம், பேய், போர் நான்கும் இந்த வரிசையில் ஒரு பாட்டு நூலுக்குள் அமைந்திருப்பதைப் பரணி இலக்கணம் என்று மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்து போகிறோம். சற்று நின்று பார்த்தால், கேட்பவரை மயக்கிப் பிறகு நடுங்கவைக்கும் கதைசொல்லியின் கணக்கு அதில் தெரியும்.

பொதட்டூர்பேட்டை போன்ற செங்குந்தர் ஊர்களுக்குப் பரணி தூரத்து இலக்கியமில்லை. 'தக்கயாகப் பரணி' பாடிய ஒட்டக்கூத்தர் செங்குந்தர் மரபில் வந்தவர். தம் குலத்தார் புகழை 'ஈட்டி எழுபது' என்று பாட அவர் இசைந்தபோது, செங்குந்தர்கள் தலைகளை அரிந்து சிங்காதனமாக அடுக்கினார்கள் என்றும், அதன்மேல் அமர்ந்து பாடி முடித்தவர் பிறகு 'எழுப்பெழுபது' பாடி அவர்களை உயிர்ப்பித்தார் என்றும் கதை உண்டு. இறந்தவர் எழுவது அம்மரபில் குலப்பெருமையின் பகுதி.

ஏட்டறிவு இல்லாதவரிடமும் இக்கதைகளைக் கொண்டுபோனது கூத்து. வட தமிழகத்தின் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதம் படிப்பும் தெருக்கூத்தும் சேர்ந்தே நடக்கும். மூல பாரதத்தில் இல்லாத அல்லியும் பவளக்கொடியும் இங்கே நாயகிகள். ஆண் வாடையே ஆகாத அல்லி அரசாணியின் படுக்கையை அடைய அருச்சுனன் பாம்பாக உருமாறுகிறான். விழாவின் முடிவில் மண்ணால் பெரிய உருவம் செய்து படுகளம் அமைப்பார்கள். அழிந்த போர்க்களத்தில் திரௌபதி கூந்தல் முடிப்பாள். காதலில் ஆரம்பித்துப் பாழில் முடியும் அந்த இரவுகளே இப்பகுதி மக்களின் முதல் தொடர்கதைகள். சங்கரதாஸ் சுவாமிகள் பவளக்கொடியை மேடை நாடகமாக்கினார். 1934இல் அது திரைப்படமாகி, எம். கே. தியாகராஜ பாகவதரை அறிமுகம் செய்தது.

அச்சு பரவியபோது கூத்தில் கேட்டவையும் புத்தகமாயின. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, ஏணியேற்றம், மதனகாமராஜன் கதை, விக்கிரமாதித்தன் கதை எல்லாம் பெரிய எழுத்துப் பதிப்புகளாக வந்தன. சென்னை கொண்டித்தோப்பில் பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் வெளியிட்டவை இவற்றில் பெயர் பெற்றவை. தடித்த எழுத்து, மலிவுத் தாள், இடையிடையே மரக்கட்டைப் படம். திருவிழாக் கூட்டமே இவற்றின் சந்தை. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருப்பவர் கேட்பது வழக்கம். பெரிய எழுத்து அதற்காகவே பெரிதானது. ச. ம. நடேச சாஸ்திரி 1886இல் மதனகாமராஜன் கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்து அப்போது ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாவல் என்ற புதிய வடிவம் பேயைச் சற்று ஒதுக்கியே வைத்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில மர்ம நாவல்களைத் தழுவிக் காதலும் சூழ்ச்சியும் நிறைந்த கதைகளை எழுதிக் குவித்தார்கள். பாழடைந்த மாளிகை இருந்தது. சுரங்க வழி இருந்தது. ஆவி என்று அஞ்சியது கடைசியில் ஆளாக இருந்தது. 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் மூடநம்பிக்கையைச் சாடியபோது, பேயை நம்பி எழுதுவது படித்தவருக்குக் கூச்சமாகிவிட்டது. அடுத்த அரை நூற்றாண்டுக்குத் தமிழ்ப் பத்திரிகைக் கதைகள் பேயைக் காட்டிவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லும் பழக்கத்தில் தங்கின.

அந்தப் பழக்கத்துக்குப் பணியாதவர் புதுமைப்பித்தன். அவருடைய 'காஞ்சனை' விளக்கம் எதையும் தராமல் முடிகிறது. வீட்டுக்கு வந்த வேலைக்காரியை அஞ்சும் கணவனும் அறியாத மனைவியும் பழைய ஆலங்காட்டுக் கதைகளின் நேர் வாரிசுகள். கடல்கொண்ட நகரைப் பற்றி அவர் எழுதிய 'கபாடபுரம்' கதையும் உண்டு. பின்னாளில் அதே பெயரில் நா. பார்த்தசாரதி எழுதிய நாவல், கடலுக்குள் போகப்போகும் பாண்டியர் தலைநகரில் இளவரசன் சாரகுமாரனுக்கும் பாண்மகள் கண்ணுக்கினியாளுக்கும் உண்டான காதலைச் சொல்கிறது. நகரம் அழியப்போகிறது என்பது வாசகருக்கு முன்பே தெரியும். அந்த அறிவே காதலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கனம் தருகிறது. இறையனார் களவியல் உரை சொன்ன கடல்கோள் செய்தி தமிழருக்கு நீங்காத ஏக்கமாக இருப்பதால், அழிவுக் காதல் கதைக்கு இங்கே வாசகர் எப்போதும் ஆயத்தம்.

கல்கி மறுபிறவியைத் தொடர்கதையின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். 'சோலைமலை இளவரசி'யில் 1942 கிளர்ச்சியில் தலைமறைவான இளைஞன், பாழடைந்த கோட்டையில் தன் முற்பிறவியையும் அந்தப் பிறவியின் காதலியையும் காண்கிறான். 'மோகினித் தீவு' அதைவிட நுட்பமானது. ஜப்பானியர் தாக்குதலுக்கு அஞ்சி ரங்கூனிலிருந்து கப்பலில் தப்புகிறவன், பாழ்பட்ட சிற்ப நகரமுள்ள தீவில் ஒதுங்கி, நிலவில் ஒரு தம்பதியைச் சந்தித்து அவர்களின் காதலைக் கேட்கிறான். பர்மாவிலிருந்து கால்நடையாகவும் கப்பலிலும் தப்பிவந்த தமிழர் ஏராளம். உலகம் இடிந்த அனுபவம் அவர்களுக்கு நேரடியானது. அந்தச் சமகால அழிவையும் பழங்கால நகரின் அழிவையும் ஒரே நிலவொளியில் வைத்தது கல்கியின் பெரிய வெற்றி.

பொதட்டூர்பேட்டைப் பகுதிக்கு இக்காலத்தில் இன்னொரு ஊற்றும் இருந்தது, அது தெலுங்கு. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணிப் பகுதி அதில் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு போனது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் சென்னை மாநிலத்தில் இணைந்தன. எல்லை மாறினாலும் இரு மொழிப் பேச்சு மாறவில்லை. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் 'சந்தமாமா'வைத் தெலுங்கிலும் 'அம்புலிமாமா'வைத் தமிழிலும் ஒன்றாகத் தொடங்கினார்கள். அதன் மாயக் கதைத் தொடர்களைத் தெலுங்கில் எழுதிய முதன்மையானவர் தாசரி சுப்பிரமணியம். வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமனை வரைந்தவர் தமிழரான ஓவியர் சங்கர். ஒவ்வொரு வேதாளக் கதையும் யாரை யார் மணப்பது முறை என்பது போன்ற சிக்கலில் வந்து நிற்கும். அதே இருவரின் விஜயா பட நிறுவனம் எடுத்த 'பாதாள பைரவி' 1951இலும் 'மாயா பஜார்' 1957இலும் இரண்டு மொழியிலும் ஓடின. இரண்டிலும் மாயம் காதலரைச் சேர்த்து வைக்கவே வேலை செய்கிறது. ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963இல் வந்து, மறுபிறவிக் காதலைச் சமூகப் படத்துக்குள் நிலைநிறுத்தியது.

நூல்கள் சிற்றூர்களுக்குப் போய்ச் சேர்ந்த வழியும் இவ்வரலாற்றின் பகுதியே. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், ஆண்டு 1948. அதன் பயனாகக் கிளை நூலகங்கள் பரவின. நகரங்களில் வாடகை நூலகங்கள் தோன்றின. சென்னையில் 1955இல் தொடங்கிய ஈஸ்வரி வாடகை நூலகம் பெயர் பெற்றது. இவற்றுக்கு வெளியே, வீட்டுப் பெண்கள் தாங்களே கட்டிய நூலகம் ஒன்றுண்டு. வார இதழில் வரும் தொடர்கதைப் பக்கங்களை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் தைத்து அட்டை போட்டு பைண்டு செய்து வைப்பார்கள். அந்தத் தொகுப்பு தெருவில் வீடு வீடாக இரவல் போகும். அச்சில் தனி நூலாக வராத பல தொடர்கள் இப்படித்தான் உயிர் பிழைத்தன. வாசிப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பதிப்பகங்களை எண்ணிவிட்டு இந்தப் பெண்களை விட்டுவிடுகிறார்கள்; அது பெரிய குறை.

1970களிலும் 1980களிலும் மாத நாவல் பெருகியது. ராணி முத்து, மாலைமதி, பிறகு ஜி. அசோகனின் பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் என்று பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கின. சாணித்தாளில் அச்சு, பளபளக்கும் அட்டை, ஒரே பயணத்தில் படித்து முடிக்கும் அளவு. ரமணிசந்திரன் காதலையும், ராஜேஷ்குமார் குற்றத்தையும், பி. டி. சாமி பேயையும் தங்கள் எல்லைகளாக்கிக்கொண்டார்கள். தெலுங்கில் எண்டமூரி வீரேந்திரநாத்தின் 'துளசிதளம்' பில்லி சூனியத்தை வைத்துப் பெரும் பரபரப்பை உண்டாக்க, அவருடைய நூல்கள் தமிழுக்கும் வந்தன.

சுஜாதா இந்தப் பிரிவுகளைக் கலந்தார். 1981இல் குமுதத்தில் வந்த 'கொலையுதிர் கால'த்தில், இளம் வாரிசு லீனாவின் பண்ணையில் தோன்றும் பெண்ணுரு ஆவியா அறிவியல் வித்தையா என்று வழக்கறிஞர்கள் கணேஷும் வசந்தும் துருவுகிறார்கள். விளக்கம் கிடைக்கிறது, ஆனாலும் முழுக் கதவும் சாத்தப்படவில்லை. அரை நூற்றாண்டாகப் பேயைப் பொய்யாக்கிவந்த பத்திரிகைக் கதை அங்கே திசை திரும்பியது என்று சொல்லலாம். 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்ற தலைவனின் பிடியில் இருக்கும் எதிர்கால இந்தியா. பெயருக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அரசின் ஒப்புதல் வேண்டும். காணாமல் போன கணவன் சிபியைத் தேடும் நிலா. அவளுக்குத் துணையாக ஜீனோ என்ற இயந்திர நாய். ஒடுக்கப்பட்ட உலகத்துக்குள் ஒரு பெண்ணின் தேடலை வைத்ததால்தான் அந்த அறிவியல் கதை இல்லத்தரசிகளையும் பள்ளி மாணவரையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது. பின்னர் தமிழ்மகன் விகடனில் எழுதிய 'ஆபரேஷன் நோவா', பூமிக்கு அழிவு என்று சொல்லி மனிதரை வேற்றுக்கோளில் குடியேற்றும் கதையாக அந்த வழியில் வந்தது.

அமானுஷ்யத்தையே முழுநேரத் துறையாக்கியவர் இந்திரா சௌந்தர்ராஜன். 1958இல் பிறந்து, மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பரில் மறைந்த அவர், சித்தர், நாகம், காவல் தெய்வம், மறுஜென்மம் ஆகியவற்றை இன்றைய குடும்பங்களின் காதலோடும் திருமணத்தோடும் பின்னினார். அவருடைய 'விட்டு விடு கருப்பா', நாகாவின் இயக்கத்தில் மர்மதேசம் வரிசையில் 'விடாது கருப்பு' என்ற தொடராக 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஊரில் நடக்கும் கொலைகளைச் செய்வது கருப்பசாமியா, மனிதக் கையா என்ற கேள்வியைத் தமிழ்நாடு வாரா வாரம் பேசியது. உளவியல் காரணத்தைத் தந்த பிறகும் தெய்வத்துக்கு இடம் விட்டு முடித்ததே அவருடைய தனிக்கலை. நம்பிக்கையைக் கேலி செய்யாமலும் நம்பச் சொல்லி வற்புறுத்தாமலும் எழுதியதால், கோயில் திருவிழாவையும் தொலைக்காட்சியையும் ஒருசேர வைத்திருந்த ஊர்கள் அவரைத் தங்கள் எழுத்தாளராக ஏற்றன.

இலக்கிய விமரிசகர்கள் இந்த நாவல்களைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. அவசரமாக எழுதப்பட்டவை, ஒரே அச்சில் வார்த்தவை என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. நல்ல பேய்க் கதையின் வலிமையை உணர்ந்து ஜெயமோகன் 'நிழல்வெளிக் கதைகள்' எழுதியதும், சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் வெகுஜனக் கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டதும் அந்த அலட்சியத்தைச் சற்றுக் குறைத்தன. பிரீத்தம் சக்கரவர்த்தி மொழிபெயர்த்த அத்தொகுப்பில் இந்திரா சௌந்தர்ராஜனின் மறுபிறவிக் கதையும் ரமணிசந்திரனின் காதல் கதையும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்போல் இடம்பெற்றன.

இன்று மாத நாவலின் இடத்தைக் கைப்பேசி பிடித்துவிட்டது. பெங்களூரில் 2014இல் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகளில் அமானுஷ்யம், திகில், ஃபேன்டஸி என்ற தலைப்புகளில் தமிழில் எழுதுகிறவர்களில் பெண்கள் மிகுதி. ஓநாய் மனிதனும் இரத்தக்காட்டேரியும் ஆங்கிலக் கதைகளிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறார்கள். நாக கன்னியும் கந்தர்வனும் போகவில்லை. முற்பிறவியில் வஞ்சிக்கப்பட்டவள் இப்பிறவியில் கணக்குத் தீர்க்கும் கதை அங்கே மீண்டும் மீண்டும் எழுதப்படுகிறது. படிக்கிறவர்களாக மட்டும் இருந்த பெண்கள் எழுதுகிறவர்களாகவும் ஆனதே இந்த மாற்றத்தில் மிகப் பெரியது.

மாத நாவல்களின் தாள் மட்டமானது. நாற்பது ஆண்டில் பழுத்து, தொட்டால் உதிர்கிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய வெகுஜன நூல்களைத் திரட்டிப் பாதுகாத்து வருகிறது. ஆனால் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், அத்திமாஞ்சேரிப்பேட்டை போன்ற நெசவாளர் ஊர்களின் பரண்களில் கிடக்கக்கூடிய பைண்டுத் தொகுப்புகளும் பெரிய எழுத்துப் புத்தகங்களும் எந்த அட்டவணையிலும் இல்லை. வீட்டை இடித்துக் கட்டும்போது அவை எடைக்குப் போகின்றன. அப்படி ஒரு கட்டு கையில் இருப்பவர்கள் அதை எடைக்குப் போடுமுன் அருகிலுள்ள கிளை நூலகத்திலோ ஓர் ஆய்வு நூலகத்திலோ காட்ட வேண்டும்.